நசுங்கிய ஜீப் பம்பரை இரும்புக் கடைக்குப் போட முன்

இரவில் ஏ9 வீதியின் நடுவே படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு, புல்லுக்குள் மறைந்து நிற்கும் மதகுக் கட்டு, மணற்காட்டுப் பக்கம் புதைந்த ஜீப்பை உழவு இயந்திரத்தால் இழுக்கும்போது பம்பரிலேயே கொளுவிய சங்கிலி. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இரும்புப் பம்பர் வளைந்து கிடந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றிலும் மோசமானது கடைசிதான். மாடு பம்பரை உள்ளே தள்ளிவிட்டுப் போகும். சரிவாக இழுத்த சங்கிலியோ அதை வெளியே இழுத்து, கூடவே முறுக்கியும் விட்டிருக்கும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய டிஃபென்டர், லாண்ட் குரூசர், பஜிரோ எல்லாம் மறுபிறவி எடுத்தன. அவற்றுக்கு ஒறிஜினல் பம்பர் தேடிக் கொழும்புக்கு ஃபோன் எடுத்தவர்களுக்கு விலை தெரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார் ஓட்டிய ஊர் இது. வளைந்த இரும்பை நிமிர்த்துவது இங்கே புதிய வித்தை அல்ல. ஆனால் முதன்முறை கைவைப்பவர் சம்மட்டியோடு தொடங்கிவிடுவார். நிமிர்த்துவது அடிக்கிற வேலை அல்ல, இழுக்கிற வேலை. சம்மட்டி கடைசியில்தான் வரும்.

நீங்களே செய்வதென்றாலும் சரி, கராஜில் பக்கத்தில் நின்று பார்ப்பதென்றாலும் சரி, வேலை போகவேண்டிய ஒழுங்கு கீழே இருக்கிறது.

முதலில் பார்க்கவேண்டியது பம்பரை அல்ல

பம்பரைத் தாங்குவது வண்டியின் அடிச்சட்டம், நாங்கள் செசி என்று சொல்வது. பம்பர் வாங்கிய அடியில் செசியின் முன் நுனிகளும் நகர்ந்திருந்தால், எவ்வளவு அழகாக நிமிர்த்தினாலும் பம்பர் திரும்பக் கோணலாகத்தான் பூட்டுப்படும். அதனால் கழற்ற முன்னரே அளந்துவிடுங்கள். செசியின் இடது முன் நுனியிலிருந்து வலது பக்கத்தில் பின்னுக்கு உள்ள ஒரு போல்ட் வரை நூல் பிடியுங்கள். பிறகு வலது நுனியிலிருந்து இடது பக்கத்தின் அதே போல்டுக்கு. இரண்டு மூலைவிட்டங்களும் சில மில்லிமீற்றருக்குள் ஒத்துவர வேண்டும். விரல்கட்டை அளவு வித்தியாசம் தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, செசி நிமிர்த்தும் வசதியுள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பொனற்றுக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதும் நல்ல சாட்சி.

அடுத்து, இரும்பு எந்தச் சாதி என்று பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் அது அலுமினியம் அல்லது கறள் பிடிக்காத உருக்கு. இங்கே சொல்வது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. காந்தம் ஒட்டியும், சாதாரணத் துளைக்கூர் ஏறாமல் வழுக்கினால் அது கடின உருக்கு. புதிய ஜீப்களில் பிளாஸ்ரிக் மூடிக்கு உள்ளே இருக்கும் தாங்குசட்டம் பெரும்பாலும் இந்தச் சாதிதான். அதைச் சூடாக்கினால் பலம் போய்விடும், மாற்றுவதுதான் வழி. பழைய ஜீப்களின் மடித்த தகட்டுப் பம்பரும், உள்ளூர் ஒட்டுக்கடையில் (வெல்டிங் கடையில்) செய்வித்த 3, 4 மில்லிமீற்றர் தகட்டுப் பம்பரும், குழாயில் செய்த முன்காப்பும் சாதாரண மென் உருக்கு. அவற்றைத்தான் நிமிர்த்தலாம்.

மூன்றாவது, கறள். தீவுப் பக்கத்திலும் கடற்கரையோரமும் ஓடிய வண்டியென்றால் பம்பரின் உட்பக்கத்தைச் சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் தட்டிப்பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டு, செதில் செதிலாகக் கொட்டினால் அந்த இடத்தில் தகடு பாதிதான் மிச்சம். உள்ளங்கை அளவு இடம் என்றால் வெட்டித் துண்டு போடலாம். அரைவாசிக்கு மேல் அப்படி என்றால் இரும்புக் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.

கழற்றுவதும் வெடிப்புத் தேடுவதும்

பற்றரியின் மறை (−) முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஏர்பாக் உள்ள வண்டியில் இதைத் தவறவிடக் கூடாது. மோதலை உணரும் கருவி முன்பக்கத்தில்தான் இருக்கும். கழற்றிய பின் சில நிமிடம் பொறுத்துக் கைவையுங்கள். லைற் வயர்களில் ஒட்டுத்தாள் சுற்றி எது எங்கே என்று எழுதுங்கள். போல்ட்கள் கறள் பிடித்து இறுகியிருந்தால் கம்பித் தூரிகையால் மரையைத் துப்புரவாக்கி, கறள் இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கிறைண்டரால் தலையை வெட்டுவதே மேல். எப்படியும் பழைய போல்டைத் திரும்பப் போடப் போவதில்லை.

நான்கு மில்லிமீற்றர் தகடு சதுர மீற்றருக்கு 31 கிலோவுக்கு மேல் வரும். கடைசிப் போல்டைத் தனியாளாகக் கழற்றாதீர்கள். கீழே ஒரு ஜக்கோ மரக்குற்றியோ தாங்கலாக இருக்கட்டும்.

கழற்றியதும் வளைவைச் சுற்றியுள்ள பெயின்ற்றை நீக்கி, வெடிப்புத் தேடுங்கள். இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசிக் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்கைத் தூளாக்கிப் பூசுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளைச் சோக்கில் கறுத்த கோடாகத் தெரியும். பழைய ரயில் பட்டறைகளில் அச்சுகளையே இப்படித்தான் சோதித்தார்கள். போல்ட் துளைகளின் ஓரம், பழைய ஒட்டுகளின் விளிம்பு, மடிப்பின் வெளிப்பக்கம் ஆகிய மூன்று இடத்தையும் கட்டாயம் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் சிறு துளை போட்டு நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போது அது ஓடும்.

பம்பரில் நாகப்பூச்சு (சிங்க் பூச்சு) இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பழைய லாண்ட் ரோவர்களில் இருக்கும்; பெயின்ற்றுக்குக் கீழே மங்கிய சாம்பல் படலமாகத் தெரியும். நாகம் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தால் சில மணித்தியாலத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்துவிட்டு ஒட்டினால் ஒன்றும் செய்யாது என்பார்கள். பாலால் ஒரு பயனும் இல்லை. சூடு காட்டும் இடத்திலும் ஒட்டும் இடத்திலும் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், உரிய முகமூடி போட்டு வேலை செய்யுங்கள். குரோம் பூசியதென்றால் அது இன்னும் கெட்ட புகை. குரோம் பம்பரைச் சூடாக்கவே வேண்டாம்.

நல்ல பாதியை அட்டையில் எடுங்கள்

பெரும்பாலும் பம்பரின் ஒரு பாதிதான் கெட்டிருக்கும். மற்றப் பாதிதான் உங்கள் வரைபடம். நடுவைக் கண்டுபிடித்துக் கோடு கீறுங்கள். செசியில் பூட்டும் இரண்டு தாங்கிகளுக்கும் நடுவில் அது இருக்கும். தடித்த அட்டைப்பெட்டியை விரித்து நல்ல பாதியின் மேல் வைத்து, மேல் விளிம்பின் வளைவை வெட்டி எடுங்கள். அதைக் கவிழ்த்து மற்றப் பக்கத்தில் வைத்தால், எங்கே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, எங்கே வெளியே தள்ளியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். குறுக்குவெட்டுக்கும் சிறியதாக ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். வேலையை ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். கண் களைத்துப்போனால் கோணலும் நேராகத்தான் தெரியும்.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு நுனியிலும் ஒரே அளவான நேர்ச்சட்டத்தைக் குறுக்கே கட்டிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டு சட்டமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகத் தெரிய வேண்டும்.

வளைவை வாசிப்பது

மோதிய இடத்தில் ஒரு கூர்மையான மடிப்பு இருக்கும். அதிலிருந்து தள்ளி மென்மையான வளைவுகள் இருக்கும். மதகில் இடித்த கணத்தில் முதலில் உண்டானது மடிப்பு. அந்த அடி பரவியதால் பிறகு உண்டானவை வளைவுகள். எடுக்கும்போது எதிர் ஒழுங்கில் எடுக்க வேண்டும். கடைசியாக வந்த வளைவு முதலில் போகும்; மடிப்பு கடைசியில். மடிப்பைத்தான் எல்லாரும் முதலில் அடிக்கப் பார்ப்பார்கள். அதைச் சுற்றியுள்ள இரும்பு இன்னும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடித்தால், தகடு நிமிராது, மெலிந்து விரியும். விரிந்த தகட்டைச் சுருக்குவது வளைந்ததை நிமிர்த்துவதைவிடப் பல மடங்கு கடினம்.

இன்னொன்று: மடிந்த இடத்தில் இரும்பு முன்பைவிடக் கடினமாகியிருக்கும். கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்தால் இறுகி, பிறகு முறிவது இதனால்தான். அதனால் இழுக்கும்போது மடிப்பு அசையாமல் இருந்துகொண்டு, பக்கத்திலுள்ள நல்ல இடம் வளையத் தொடங்கும். அட்டையை அடிக்கடி வைத்துப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இழுப்பு

தென்னையிலோ பூவரசிலோ சங்கிலியைக் கட்டி, மறுமுனையை வண்டியில் கொளுவி இழுக்கும் வழக்கம் உண்டு. செய்யாதீர்கள். வண்டி இழுக்கும் வேகத்தையும் தூரத்தையும் மில்லிமீற்றர் கணக்கில் கட்டுப்படுத்த முடியாது. சங்கிலி அறுந்தால் பக்கத்தில் நிற்பவரின் காலோடு போகும்.

பாதுகாப்பான முறை, பம்பரை ஒரு பலமான உத்தரத்தோடு கட்டி, இடையில் ஜக் வைத்துத் தள்ளுவது. உத்தரத்துக்கு தடித்த ஐ வடிவ இரும்பு போதும். பம்பரைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். நடுப்பகுதி உள்ளே போன பம்பர் என்றால், அதன் உட்பக்கத்துக்கு எதிரே உத்தரத்தை வைத்து, பம்பரின் இரண்டு நுனியையும் சங்கிலியால் உத்தரத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். உத்தரத்துக்கும் வளைவுக்கும் இடையில் போத்தல் ஜக்கை வைத்து மெல்ல ஏற்றினால் நடு வெளியே வரும், நுனிகள் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு நுனி மட்டும் பின்னுக்கு மடிந்திருந்தால், நல்ல பகுதி முழுவதையும் இரண்டு இடத்தில் உத்தரத்தோடு கட்டிவிட்டு, ஜக்கை மடிந்த நுனிக்குக் கீழே கொண்டுபோங்கள்.

போத்தல் ஜக்கைப் படுக்கவைத்துப் பாவிக்கும்போது பம்ப் பக்கம் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் எண்ணெய் வராது. ஜக் பழுது என்று நினைத்து அலைவீர்கள். ஜக்கின் தலைக்கும் பம்பருக்கும் இடையில் தடித்த தகடும் பாலை மரக்கட்டையும் வையுங்கள். இல்லாவிட்டால் ஜக் தலையின் வட்டம் பம்பரில் புது நெளிவாகப் பதியும். சங்கிலி பாரம் தூக்குவதற்கென்று முத்திரை அடித்ததாக இருக்கட்டும். கிணற்றடியில் கிடந்த சங்கிலி வேண்டாம். அதன்மேல் நனைத்த சாக்கைப் போட்டுவிடுங்கள். அறுந்தாலும் துள்ளுவது குறையும். சங்கிலியின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

இப்போது மெதுவாக. ஜக்கின் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை அடித்து ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். இறுக்கம் இருக்கும்போதே, வளைவின் ஓரங்களைச் சுற்றிச் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டு வாருங்கள். மடிப்பின் உச்சியில் அல்ல, அதைச் சுற்றி. தட்டும்போது இரும்பு இறுக்கத்தை விட்டுக்கொடுப்பது ஜக்கின் கைப்பிடியில் தெரியும், கொஞ்சம் இளகும். மறுபடி இரண்டு அடி. இப்படியே போனால் சூடில்லாமலே முக்கால்வாசி வந்துவிடும்.

ஜக்கை விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். அதனால் நேர்க்கோட்டைத் தாண்டித் தள்ளி, பிறகு விட வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பதற்கு வாய்ப்பாடு இல்லை. தள்ளி, அளந்து, விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு தடவைக்குள் அந்தப் பம்பர் எவ்வளவு திரும்பும் குணமுடையது என்று பிடிபட்டுவிடும்.

சூடு எப்போது

குளிராக இழுத்து மடிப்பு மட்டும் மிஞ்சிய பிறகுதான் சூடு. கராஜில் முதல் நிமிடமே காஸ் சுடருக்கு ஒக்சிஜன் திறந்தால், "அண்ணை, முதலில் இழுத்துப் பாப்பமே?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபிக்க மாட்டார்.

மென் உருக்கு 600 பாகை செல்சியஸில் தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். அந்தச் சூட்டில் நிறம் மங்கிய சிவப்பு. பகல் வெயிலில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கொட்டிலின் நிழலில் அல்லது பொழுது சாயும் நேரத்தில் செய்யுங்கள். செம்மஞ்சளாகும் வரை போகக் கூடாது. செதில் பறந்து தகடு மெலியும். அதைவிட முக்கியமானது, 200 முதல் 350 பாகை வரையான இடைப்பட்ட சூடு. துப்புரவான இரும்பில் நீல நிறம் ஓடும் கட்டம் அது. அந்த நிலையில் உருக்கு முறியும் தன்மை கொள்ளும். சிவப்பில் அடியுங்கள், நீலத்துக்கு இறங்கியதும் கையை எடுத்துவிடுங்கள்.

காஸ் சுடர் வரும் குழலுக்கு வெட்டும் வாய் வேண்டாம், சூடாக்கும் பல துளை வாய் போடச் சொல்லுங்கள். மடிப்பு முழுவதும் ஒரே சீராகச் சூடேற வேண்டும். சிவந்ததும் ஜக்கைக் கொஞ்சம் ஏற்றி, பின்னால் பாரமான இரும்பைத் தாங்கலாகப் பிடித்து முன்னால் தட்டுங்கள். பிறகு தானாக ஆறட்டும். வாளித் தண்ணீர் ஊற்றுகிற ஆசை எல்லாருக்கும் வரும். மென் உருக்கென்று நாம் நினைத்தது கொஞ்சம் கரி கூடிய இரும்பாக இருந்தால், அந்தத் தண்ணீர் அதை உடையும் பொருளாக்கிவிடும். சோளகம் வீசும் காலத்தில் காற்றுக்கு மறைப்பு இல்லாமல் சூடு காட்டினால் காஸ்தான் வீணாகும்.

மூடிய குழாய்க்கோ பெட்டி வடிவத்துக்கோ சூடு காட்ட முன், கட்டாயம் ஒரு துளை போடுங்கள். உள்ளே தேங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும். குழாய்க்குள் மணல் நிரப்பி வளைக்கும் பழக்கமுள்ளவர்களும் வறுத்த மணலைத்தான் போட வேண்டும், இரண்டு முனையையும் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. கடல் மணல் வேண்டவே வேண்டாம், அந்த உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும். குளோரின் கலந்த பிறேக் துப்புரவுத் திரவத்தால் துடைத்த இடத்தில் ஒட்டவோ சூடாக்கவோ கூடாது. அதிலிருந்து எழும் வாயு ஆளைக் கொல்லும்.

வெட்டி ஒட்டவேண்டி வந்தால்

தட்டையாகிப்போன குழாய் திரும்ப வட்டமாகாது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே இறுகப் போகும் சிறு குழாயைச் செருகி, அதன்மேல் புதுத் துண்டை ஒட்டுங்கள். பெட்டி வடிவப் பம்பரில் முன்முகம் குழிந்திருந்தால், பின்பக்கத்தில் சின்ன யன்னல் வெட்டி, அதற்குள்ளால் ஜக்கையோ அலவாங்கையோ விட்டுத் தள்ளி, பிறகு யன்னலை மூடி ஒட்டலாம். முன்பக்கம் தழும்பில்லாமல் வரும்.

3, 4 மில்லிமீற்றர் தகட்டுக்கு 6013 என்ற இலக்கமுள்ள ஒட்டுக் கம்பி (றொட்) போதும். 2.5 மில்லிமீற்றர் றொட் என்றால் 60 முதல் 90 அம்பியர், 3.2 என்றால் 90 முதல் 130. தொடர்ச்சியாக ஒரே இழுவையில் ஒட்டினால் சூட்டில் இழுபட்டு, பாடுபட்டு நிமிர்த்தியது மறுபடி வளையும். விரலளவு ஒட்டிவிட்டு மறுமுனைக்குப் போங்கள். அது ஆறும்போது இங்கே வாருங்கள். முழுதாக ஒட்ட முன், புள்ளி புள்ளியாக ஒட்டிவைத்த நிலையிலேயே வண்டியில் பூட்டிப் பாருங்கள். ஆனால் வண்டியில் இருக்கும்போது ஒட்டாதீர்கள். பின்பம்பர் என்றால் எரிபொருள் தாங்கி எங்கே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெயின்ற்

இது நீங்கள் அறிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கறளை வெள்ளிரும்பு தெரியும்வரை எடுத்து, அதே நாள் நாகம் கலந்த பிறைமர் அடித்து, அதன்மேல் மேற்பூச்சு. மாரியில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடிக்காதீர்கள். சோளகத்தில் வெளியே வைத்து அடித்தால் புழுதி ஒட்டும். வெளிப்பக்கத்தைவிட உட்பக்கம் முக்கியம். பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு விசிறி, மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை விடுங்கள். கடற்கரை போய்வந்தால் நல்ல தண்ணீரால் உள்ளேயும் கழுவ வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவிப் பயனில்லை.

திரும்பப் பூட்டல்

இழுபட்டு நீண்டுபோன துளைகளைப் பெரிய வொஷர் போட்டு மறைக்காதீர்கள். ஒட்டி நிரப்பி, புதிதாகத் துளையுங்கள். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற இலக்கம் அடித்திருக்க வேண்டும். எல்லாப் போல்டையும் தளர்வாகப் போட்டு, இரண்டு பக்க இடைவெளியும் சமமானதும் நடுவிலிருந்து வெளியே இறுக்குங்கள். ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ரயர் முட்டுகிறதா என்று பாருங்கள். றேடியேற்றருக்குக் காற்றுப் போகும் வழி மறையக் கூடாது. வெளியே நீட்டும் கூர் விளிம்பு ஏதும் இருந்தால் உருட்டிவிடுங்கள். சைக்கிளில் போகிறவரின் முழங்கால் உயரம் அது.

நிமிர்த்திய பம்பரில் கயிறோ சங்கிலியோ கொளுவக் கூடாது; வின்ச்சும் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) பூட்டக் கூடாது. ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த இடம், பார்வைக்கு எவ்வளவு நேராக இருந்தாலும், திடீர் இழுவையில் எப்போது விடும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இழுவைக் கொக்கியைச் செசியிலேயே, அதற்கென்ற போல்ட்களில் தனியாகப் பூட்டுங்கள். வண்டியை இரவல் கொடுக்கும்போதும் அந்த இடத்தைக் காட்டிக் கொடுங்கள்.

கரடுமுரடான வீதியில் ஒரு கிழமை ஓடிய பிறகு போல்ட்களை மறுபடி இறுக்கி, ஒட்டுகளின் ஓரத்தில் மண்ணெண்ணெயும் சோக்கும் பூசிப் பாருங்கள். கறுத்த கோடு வராவிட்டால் லைற்றின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு ஓடலாம்.